அம்மா சொல்லப்போகும் அந்த ஒரு வரி: முதற்குடிகளுக்கான அரசின் கடமையும் தனிமனித சுதந்திரமும்

#1 ரூஜ்கரை

வணக்கம் உறவுகளே. அடுத்த மாதம் என் அம்மா கனடியக் குடியுரிமை எடுக்கிறார். வயது எழுபத்தொன்று. ஆங்கிலம் கடைத்தெரு அளவுக்குத் தெரியும். சத்தியப்பிரமாண வாசகத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, காலையும் மாலையும் தேவாரம் போல் பாடமாக்கிக்கொண்டிருக்கிறார். பொருள் தெரியாமல் எதற்கும் சத்தியம் செய்ய மாட்டேன் என்பதில் மட்டும் அசையவில்லை.

மன்னர், வாரிசுகள் வரைக்கும் தடையில்லாமல் போனது. 2021 ஜூனில் புதிதாகச் சேர்த்த பகுதியில் வந்து நின்றுவிட்டோம். நான் இப்படிச் சொல்லிக் கொடுத்தேன்: "முதற்குடிகள், இனுயிட், மெட்டி மக்களுக்குப் பூர்வ உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் வழங்கும் அரசியலமைப்பு உட்பட, கனடாவின் சட்டங்களைக் கடைப்பிடிப்பேன்."

அம்மா கேட்டார்: "எல்லோரும் சமம் என்றுதானே இந்த நாட்டுக்கு வந்தோம்? ஒரு சாராருக்கு மட்டும் பிறப்பால் தனி உரிமை என்றால், நாங்கள் ஊரில் பார்த்த சாதிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?"

இந்த மூன்றும் கனடாவின் பூர்வகுடி மக்கள். எனக்குப் பதில் வரவில்லை. இருபது ஆண்டுகளாக ஸ்காபரோவில் இருக்கிறேன். பள்ளி நிகழ்ச்சியானாலும் தமிழர் மரபுத் திங்கள் விழாவானாலும் முதலில் நில ஏற்புரை (இது எந்தப் பூர்வகுடிகளின் நிலம் என்று சொல்லும் உரை) வாசிக்கிறோம். நானே இரண்டு முறை மேடையேறி வாசித்திருக்கிறேன். வாசித்ததன் பொருளைப் பெற்ற தாய்க்கு விளக்க முடியாமல் இருப்பது மனதை உறுத்துகிறது.

என் கேள்விகள் இரண்டு. இந்த மக்களுக்கு அரசு செய்ய வேண்டியவை எதனால் கடமையாகின்றன? அந்த மக்களுக்குள்ளேயே ஒருவர் தம் சமூகத்தோடு முரண்பட்டால், அவருடைய சுதந்திரத்துக்கு யார் பொறுப்பு? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 தனிவழி

உங்கள் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அவசரப்பட்டுச் சமாதானம் சொல்லி அதை மூடிவிடாதீர்கள்.

நான் கால்கரியில் இருக்கிறேன், சென்னைக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவன். பிறப்பைக் காரணம் காட்டி என் அப்பாவுக்கு ஊரின் நடுத்தெருவில் வாடகை வீடு மறுத்தார்கள். எனவே ஒரு மனிதனின் உரிமையை அவன் யாருக்குப் பிறந்தான் என்பதை வைத்து அளக்கும் எந்தச் சட்டத்தைக் கண்டாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இந்த நாட்டில் இன்றும் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. 1876இல் வந்த 'இந்தியர் சட்டம்'. (நம்மைக் குறிப்பதல்ல, முதற்குடிகளைக் குறிப்பது. கொலம்பஸ் செய்த தவறு சட்டப் புத்தகத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.) யாரை அரசு 'இந்தியர்' என்று பதிவு செய்யும் என்பதைச் சொல்லும் அதன் ஆறாம் பிரிவில் இரண்டு வகைப் பதிவு: 6(1), 6(2). பெற்றோர் இருவரும் பதிவு பெற்றவர்களாக இருந்தால் பிள்ளைக்கு முதல் வகை. 6(1)இல் உள்ள ஒருவர் பதிவில்லாத ஒருவரோடு பெற்ற பிள்ளைக்கு இரண்டாம் வகை. அந்தப் பிள்ளையும் பதிவில்லாத ஒருவரை மணந்தால் பேரப்பிள்ளைக்குப் பதிவே கிடையாது. தலைநகர் ஒட்டாவாவில் ஓர் எழுத்தர் குடும்ப மரத்தைப் பார்த்து, நீ இன்னார், நீ இன்னார் இல்லை என்று முடிவு செய்கிறார். இதற்குப் பெயர் உரிமையா?

தனி மனிதனுக்கு உரிமை கொடுங்கள், போதும். கூட்டத்துக்கு உரிமை கொடுத்தால் அந்தக் கூட்டத்தில் வலுத்தவன் கைக்குத்தான் அது போய்ச் சேரும்.

#3 சட்டக்கிளை

ரூஜ்கரை அண்ணா, முதலில் ஒரு திருத்தம். "வழங்கும்" என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். 1982 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவில் அப்படி இல்லை. ஏற்கெனவே இருக்கும் உரிமைகளை "ஏற்று உறுதிசெய்கிறது" என்றுதான் இருக்கிறது. அம்மாவின் குழப்பத்தில் பாதி அந்த ஒரு சொல்லால் வந்தது. வழங்கினார்கள் என்றால் சலுகை போலத் தோன்றும். அரசு கொடுப்பதற்கு முன்பே அது அவர்களிடம் இருந்தது.

1763இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிரகடனம் ஒரு விதியை வைத்தது: பூர்வகுடிகளின் நிலத்தைக் குடியேறிகள் தாமாக வாங்கக் கூடாது, அரசு மட்டுமே, அவர்களோடு பொதுக்கூட்டம் கூடிப் பேசி, வாங்கலாம். நிலம் அவர்களுடையது என்று ஒப்புக்கொள்ளாமல் இப்படி ஒரு விதி எழுத முடியாது. அதன் வழியில் வந்தவைதான் உடன்படிக்கைகள்.

ஓர் உதாரணம் போதும் என்று நினைக்கிறேன். 1850இல் ஹியூரன், சுப்பீரியர் ஏரிகளின் வடகரை முழுவதும் ரொபின்சன் உடன்படிக்கைகளால் அரசின் கைக்கு வந்தது. பதிலுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை. நிலத்தின் வருமானம் கூடினால், அரசுக்கு நட்டமில்லாத அளவுக்குத் தொகையையும் கூட்டுவோம் என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். 1875இல் ஆளுக்கு 4 டாலர் ஆக்கினார்கள். அதோடு சரி. சட்பரியில் நிக்கல் வெட்டினார்கள், காடு காடாக மரம் வெட்டினார்கள், ரயில் விட்டார்கள். ஆளுக்கு 4 டாலர் அப்படியே நின்றது, ஏறத்தாழ 150 ஆண்டுகள். 2023இல் ஹியூரன் பக்கத்து மக்களோடு 1,000 கோடி டாலருக்கு இணக்கம் ஏற்பட்டது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அரசு தன் வாக்கைக் கேலிக்கூத்தாக்கிவிட்டது என்ற கருத்தில் மிகக் கடுமையாகத் தீர்ப்பு எழுதியது.

நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் குத்தகைப் பணம் கட்டினால் அதை யாராவது சலுகை என்பார்களா? இது குத்தகை அல்ல, அதைவிடப் பெரிய உடன்பாடு. ஆனாலும் அம்மாவுக்கு அப்படிச் சொன்னால் புரியும். சாதி உரிமைக்குப் பின்னால் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. இங்கே இரு தரப்பும் ஒப்பமிட்ட தாள் இருக்கிறது.

தாளே இல்லாத இடமும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதியில் உடன்படிக்கை எதுவும் செய்யாமலே குடியேறிவிட்டார்கள். நிஸ்கா மக்கள் தொடுத்த கால்டர் வழக்கில் 1973இல்தான், பூர்வ நில உரிமை என்ற ஒன்று சட்டத்தில் உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. சில்கோட்டின் மக்களுக்கு அந்த உரிமை ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பின்மீது தீர்ப்பாகக் கிடைக்க 2014 ஆகிவிட்டது.

#4 தனிவழி

நன்றி சகோதரி. கடன் என்ற வாதத்தை ஏற்கிறேன். 4 டாலர் கதை எனக்குத் தெரியாது, படித்ததும் கோபம் வந்தது.

ஆனால் கடன்பட்டவன், கடன் கொடுத்தவனின் பெட்டிச் சாவியையும் தானே வைத்துக்கொள்ளலாமா? இந்தியர் சட்டத்தின்கீழ் ஒதுக்க நிலத்தின் (முதற்குடிகளுக்கென ஒதுக்கிய நிலம்) சட்ட உரிமை அரசிடம். அதில் வீடு கட்டி வாழ்பவர் அந்த வீட்டை வெளி வங்கியில் சாதாரணமாக அடமானம் வைக்க முடியாது, 89ஆம் பிரிவு தடுக்கிறது. கடை தொடங்க முதல் வேண்டும் என்றால் கைவிரிக்க வேண்டியதுதான். ஒதுக்க நிலத்தில் வாழ்பவர் எழுதிய உயில்கூட அமைச்சர் ஏற்றால்தான் செல்லும். வளர்ந்த மனிதர்களைப் பிள்ளைகளாக நடத்தும் சட்டம் இது.

1969இல் பியர் ட்ரூடோ அரசு வெள்ளை அறிக்கை (கொள்கை முன்மொழிவு) ஒன்று கொண்டுவந்தது. துறை அமைச்சர் ஜான் கிரெத்தியென். இந்தியர் சட்டத்தை ஒழிப்போம், இந்தியர் என்ற தனித் தகுதியை ஒழிப்போம், நிலத்தை அவர்கள் கையிலேயே கொடுப்போம், உடன்படிக்கைகளை முடித்துவைப்போம், எல்லோரும் கனடியர்கள். ஒரே சமூகத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு உடன்படிக்கை வைத்திருப்பது பொருந்தாது என்று ட்ரூடோ நினைத்தார். அந்தச் சிந்தனையில் எனக்குத் தவறு தெரியவில்லை. கடனைக் கணக்குப் பார்த்துத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு, எல்லோரையும் விடுதலையான மனிதர்களாக விட்டிருக்கலாம்.

#5 சட்டக்கிளை

அந்த அறிக்கையை எதிர்த்தவர்கள் யார் என்று பாருங்கள் அண்ணா. யாரை விடுவிக்கப்போவதாகச் சொன்னார்களோ அவர்களேதான். ஆல்பர்ட்டாவின் கிறீ இனத் தலைவர் ஹரோல்ட் கார்டினல் அப்போது இருபத்து நான்கு வயது இளைஞர். இந்தியர் சட்டத்தை அவரும் வெறுத்தார். ஆனாலும் உடன்படிக்கைகளை விட்டுக்கொடுத்துக் கிடைக்கும் சமத்துவம் வேண்டாம் என்றார். 1970இல் ஆல்பர்ட்டாத் தலைவர்கள் அதற்கு மறுப்பாக எழுதிய சிவப்பு அறிக்கையோடு ஒட்டாவா போனார்கள். ட்ரூடோ பின்வாங்கினார்.

அவர்கள் ஏன் அஞ்சினார்கள் என்பதற்கு நீண்ட கதை இருக்கிறது. 1857 சட்டம் ஒன்று சொன்னது: ஆங்கிலமோ பிரெஞ்சோ எழுதப் படிக்கத் தெரிந்த, கடனில்லாத, நன்னடத்தையுள்ள ஆண், இந்தியன் என்ற தகுதியைத் துறந்தால் முழுக் குடிமகன் ஆகலாம், 50 ஏக்கர் வரை தனி நிலமும் பெறலாம். அதை ஏற்று முன்வந்து தகுதி துறந்தவர் அடுத்த இருபது ஆண்டில் ஒரே ஒருவர். விருப்பத்துக்கு விட்டால் யாரும் வரவில்லை என்றதும் 1876 சட்டம் இன்னொரு வழி கண்டது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ, வழக்கறிஞரோ மதகுருவோ ஆனாலோ தகுதி தானாகவே போய்விடும். படித்ததற்குக் கிடைத்த பரிசு, சொந்த ஊரில் அந்நியனாவது. 1920இல் இது அதிகாரிகளின் விருப்பப்படி கட்டாயமாகவும் திணிக்கப்பட்டது. 1927 முதல் 1951 வரை நில வழக்குக்காக வழக்கறிஞர் வைக்க அரசின் அனுமதியின்றிப் பணம் திரட்டுவதே குற்றம். தகுதியை இழக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1960இல்தான் எல்லோருக்கும் வந்தது.

தனித்தனியாக நிலம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெற்கே போனால் போதும். 1887இல் அமெரிக்கா டாஸ் சட்டத்தால் பழங்குடி நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. மிஞ்சியதை விற்றது. பிரித்துக் கொடுத்ததும் வரிக்கும் கடனுக்கும் ஏமாற்றுக்கும் போனது. 13.8 கோடி ஏக்கர், 1934க்குள் 4.8 கோடி ஏக்கர் ஆனது.

தனிமனித சுதந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் வெளியே போகும் கதவாகத்தான் வந்தது. உள்ளே இருந்துகொண்டே சுதந்திரமாக வாழ வழி கேட்டவர்களுக்கு யாரும் செவிகொடுக்கவில்லை.

#6 வெண்பனி

நான் தாதியாக ஒன்ராறியோவின் வடமேற்கில், விமானத்தில் மட்டுமே போகக்கூடிய ஓர் ஊரில் பதினான்கு மாதம் வேலை செய்தேன். ஊர் பெயர் வேண்டாம். சட்டம் எனக்குத் தெரியாது, கண்டதைச் சொல்கிறேன்.

அங்கே பிள்ளைப்பேறு பார்க்க வசதி கிடையாது. கர்ப்பிணிகள் எட்டு மாதம் முடியும்போதே நகரத்துக்கு அனுப்பப்படுவார்கள். விடுதி அறையில் வாரக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். மூத்த பிள்ளைகள் ஊரில், கணவன் ஊரில், தாய் ஊரில். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். விமானம் ஓடுபாதையில் நின்றது. முடியாது என்று சொன்னவள் நான்தான். இன்றும் அந்த முகம் மறக்கவில்லை.

தனிவழித் தம்பி, தனிமனித சுதந்திரம் என்று எழுதுகிறீர்கள். உறவுகள் சூழ இருக்கப் பிள்ளை பெறுவதும், குழாயைத் திறந்து தண்ணீர் குடிப்பதும் அதில் சேருமா? நெஸ்கந்தகா என்ற ஊரில் 1995இலிருந்து தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. அங்கே அந்த எச்சரிக்கைக்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, பெற்றோரும் ஆகிவிட்டார்கள். 2021 மார்ச்சுக்குள் இப்படிப்பட்ட நீண்டகால எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் முடித்துவிடுவோம் என்று அரசு வாக்களித்தது. அந்த நாளும் கடந்துபோனது.

ஜோர்டன் என்ற சிறுவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிடோபாவின் நார்வே ஹவுஸ் கிறீ மக்களின் பிள்ளை, சிக்கலான நோயோடு பிறந்தவன். வீட்டில் வைத்துப் பராமரிக்கலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும், செலவை யார் ஏற்பது என்று மத்திய அரசும் மாகாண அரசும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாதாடின. 2005இல் ஐந்து வயதில் மருத்துவமனையிலேயே இறந்துபோனான். ஒரு நாள்கூட வீட்டில் உறங்கவில்லை. முதலில் பிள்ளைக்குச் செய், கணக்கைப் பிறகு பார் என்ற கோட்பாட்டுக்கு இன்று அவன் பெயர்தான். 2007இல் நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்றது. ஏற்ற அரசே அதைச் சரியாகச் செய்யவில்லை என்று 2016இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் சொன்னது.

அரசு கடமையைச் செய்யாத இடத்தில் தனிமனிதனுக்குச் சுதந்திரமும் இருப்பதில்லை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவது எனக்குப் பிடிபடவில்லை.

#7 நெறியாளர்

"வரியே கட்டாதவர்களுக்கு என்ன கடமை" என்று வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். இழையில் பலரும் அதை நம்பக்கூடும் என்பதால் ஒரு விளக்கம்: வரிவிலக்கு இந்தியர் சட்டத்தின் 87ஆம் பிரிவில் வருகிறது. பதிவு பெற்றவர்களுக்கு, ஒதுக்க நிலத்தில் உள்ள சொத்துக்கும் அதோடு தொடர்புள்ள வருமானத்துக்கும் மட்டுமே அது பொருந்தும். ரொறன்ரோவில் வேலை செய்து ரொறன்ரோவில் வாழ்பவர் எல்லோரையும் போல வருமான வரி கட்டுகிறார். இனுயிட், மெட்டி மக்களுக்கு இந்தப் பிரிவே பொருந்தாது.

#8 பனையடி

பிள்ளைகளே, நான் யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு ஒருவரிடம் இருபத்தாறு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன். நீங்கள் பேசுவதைப் படிக்கும்போது எனக்கு யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான எங்கள் தேசவழமைதான் கண்முன் வந்தது.

1707இல் ஒல்லாந்தர் நம் வழக்கங்களைக் கேட்டு எழுதி வைத்தார்கள். அந்நியன் எழுதினான் என்றாலும் வழக்கம் நம்முடையது. காணி விற்கும்போது பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்ற விதி அதில் உண்டு. காணி பிறத்தியார் கைக்குப் போய்விடக் கூடாது என்ற எண்ணம்தான். ஆகவே ஒதுக்க நிலத்தை அடமானம் வைக்க முடியாது என்று தம்பி எழுதியபோது, அந்த மக்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று எனக்கு உடனே விளங்கியது. காணி போனால் திரும்பி வராது. எங்களுக்கு அது தெரியும்.

ஆனால் அதே தேசவழமையில் இன்னொன்றும் இருக்கிறது. கலியாணம் கட்டிய பெண், சீதனமாக வந்த தன் சொந்தக் காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. கணவன் விட்டுவிட்டுப் போய்ப் பன்னிரண்டு வருடமான ஒரு பெண், பிள்ளையின் படிப்புக்காகத் தன் காணியை விற்க வந்து எங்கள் விறாந்தையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். கோட்டுக்குப் போய் அனுமதி எடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் இதுவும் உண்டு: தேசவழமைக்கு உட்பட்ட பெண், உட்படாத ஆணை மணந்தால் அந்தத் திருமணம் நீடிக்கும்வரை அவளுக்கு அது பொருந்தாது. வெளியிலிருந்து வந்த பெண், உட்பட்ட ஆணை மணந்தால் அவளுக்குப் பொருந்தும். பெண் புருஷன் பின்னால் போகிறாள், அவ்வளவுதான். கனடாவிலும் இப்படி ஒரு விதி இருந்ததாகக் கேள்விப்பட்டேன். சட்டம் படித்த பிள்ளை விளக்குவாரா?

#9 சட்டக்கிளை

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்து அதிர்ந்தேன். அச்சு அசலாக அதே விதிதான். இந்தியர் சட்டத்தின் 12(1)(ஆ). பதிவு பெற்ற பெண், பதிவில்லாத ஆணை மணந்தால் அவள் தகுதி போய்விடும். ஒதுக்க நிலத்தில் வாழ முடியாது, இறந்தால் அங்கே அடக்கம் செய்யவும் உரிமை கிடையாது. பதிவு பெற்ற ஆண் எந்த இனப் பெண்ணை மணந்தாலும் அந்தப் பெண்ணுக்குத் தகுதி வந்துவிடும்.

மனிடூலின் தீவைச் சேர்ந்த ஜனெட் கோர்பியேர் லவெல் இதை எதிர்த்தார். 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவரைத் தோற்கடித்தது. எனக்கு அதைவிட வலித்தது, தேசிய இந்தியர் சகோதரத்துவம் என்ற முதற்குடிகளின் சொந்த அமைப்பே அவருக்கு எதிராக வழக்கில் நின்றது. அவர் வென்றால் இந்தியர் சட்டம் முழுவதும் கவிழ்ந்து, வெள்ளை அறிக்கை பின்வாசல் வழியாக வந்துவிடும் என்று பயந்தார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் அந்தப் பயத்தின் விலையை ஒரு பெண்ணின் தலையில் கட்டினார்கள்.

பிறகு நியூ பிரன்சுவிக்கின் டோபிக் ஊரிலிருந்து சாண்ட்ரா லவ்லேஸ். மணமுறிவுக்குப் பிறகு பிள்ளைகளோடு ஊர் திரும்பினார், இடமில்லை என்றார்கள். டோபிக் பெண்கள் 1979இல் ஓக்காவிலிருந்து ஒட்டாவா வரை பிள்ளைகளோடு நடந்தார்கள். லவ்லேஸ் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார், 1981இல் வென்றார். கவனியுங்கள், அவர் வென்றது சமூகத்திலிருந்து விலகும் உரிமையை அல்ல. தன் மக்களோடு கூடித் தன் பண்பாட்டை வாழும் உரிமையைக் கனடா மறுத்தது என்றுதான் குழு சொன்னது. 1985இல் சட்டம் திருந்தியது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதியைத் திரும்பவோ புதிதாகவோ பெற்றார்கள். மீதமிருந்த பாகுபாட்டைக் களைய 2009, 2015 ஆண்டுகளில் மேலும் வழக்குகள் தேவைப்பட்டன. திருத்தம் முழுமையாக நடைமுறைக்கு வர 2019 ஆனது. பெண்கள் இதற்காக ஐம்பது ஆண்டுகள் வழக்காடியிருக்கிறார்கள்.

இன்னொரு கொடுமை: ஒதுக்க நிலத்தில் உள்ள வீட்டுக்கு மாகாணங்களின் மணவாழ்க்கைச் சொத்துச் சட்டம் செல்லாது என்று 1986இல் தீர்ப்பு வந்தது. இந்தியர் சட்டமோ இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மணம் முறிந்தால் யார் பெயரில் வீடோ அவருக்கு, பெரும்பாலும் கணவனுக்கு. அந்த ஓட்டையை அடைக்கும் சட்டம் 2013இல்தான் வந்தது.

#10 தனிவழி

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். கூட்டம் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் பெண்ணையே பலி கொடுக்கும்.

இதில் ஒட்டாவாவை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. மொன்றியலுக்கு அருகே கானவாக்கே மோஹாக் மக்கள் வெளியாரை மணந்தவர்களை ஊரைவிட்டு வெளியேறச் சொல்லும் விதியைத் தாங்களே 1981இல் வைத்தார்கள். 2018இல் கியூபெக் மேல் நீதிமன்றம் அது உரிமைச் சாசனத்தை (அரசியலமைப்பில் தனிமனித உரிமைகளைச் சொல்லும் பகுதி) மீறுகிறது என்றது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு கோஸ்ட் சேலிஷ் மனிதரை, விருப்பமில்லாமலே தூக்கிப்போய் நீள்வீட்டில் நாட்கணக்காக அடைத்து, ஆவி நடனச் சடங்குக்கு உட்படுத்தினார்கள். 1992இல் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு கொடுத்தது. மரபு எவ்வளவு பழையதாக இருந்தாலும் ஒருவரின் உடலைத் தொட அவருடைய சம்மதம் வேண்டும். இதில் யாராவது என்னோடு மாறுபடுகிறீர்களா?

வெண்பனி அக்கா, தண்ணீர் பற்றி எழுதியதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

#11 வெண்பனி

சம்மதம் பற்றி மாறுபாடில்லை தம்பி. அந்த மனிதர் பக்கம்தான் நானும்.

கானவாக்கே பற்றி ஒன்று. 1950களில் கடல்வழிக் கால்வாய்க்காக அவர்களின் ஆற்றங்கரையையே அரசு எடுத்துக்கொண்டது. சுருங்கிக்கொண்டே வரும் துண்டு நிலத்தில், வெளியார் குடியேறினால் நாம் கரைந்துவிடுவோம் என்ற அச்சம் அங்கே காற்றில் இருக்கும். விதி தவறு. ஆனால் அந்த அச்சத்தைப் பாலூட்டி வளர்த்தது யார் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

#12 கூடலூரான்

நீலகிரியிலிருந்து ஒரு குறிப்பு மட்டும். எங்கள் பக்கம் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் குடும்பங்களுக்கு 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் தரப்படும் நிலப் பட்டாவை விற்க முடியாது, கைமாற்ற முடியாது, பிள்ளைகளுக்கு மட்டும் போகும். அதே சட்டம், மணமானவர்களுக்குப் பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் ஆயிரம் குறைகள், பட்டா கைக்கு வருவதே பெரும்பாடு. ஆனால் நிலத்தை வெளியே விடாமலும், பெண்ணை வெளியே தள்ளாமலும் ஒரே பிரிவில் எழுத முடிந்திருக்கிறது. வெளியார் கையிலிருந்து காக்க வேண்டுமென்றால் பெண்ணை அடக்கித்தான் ஆக வேண்டும் என்பது பொய்.

#13 சட்டக்கிளை

கூடலூரான் அண்ணா, மிகவும் நன்றி.

ரூஜ்கரை அண்ணாவின் இரண்டாவது கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில்தான் நேராக முகம் கொடுத்தது. யூக்கோனில் வுண்டுட் க்விச்சின் மக்கள் 1993இல் கையொப்பமிட்ட தன்னாட்சி உடன்பாட்டின்கீழ் தங்களைத் தாங்களே ஆள்கிறார்கள். சொந்த அரசியலமைப்பு உண்டு. சபைக்குத் தேர்வாகிறவர் பதினான்கு நாளுக்குள் தங்கள் குடியிருப்பு நிலத்தில் வந்து வாழ வேண்டும் என்பது அவர்கள் விதி. அது ஓல்ட் குரோ, சாலையே இல்லாத ஊர். சிண்டி டிக்சன் அந்த மக்களில் ஒருவர், வாழ்வது 800 கிலோமீட்டர் தெற்கே வைட்ஹார்சில். மகனுக்கு வேண்டிய மருத்துவம் அங்கேதான் கிடைக்கும். போட்டியிட விரும்பினார், முடியாது என்றார்கள்.

தீர்ப்பு இரண்டு படிகள் கொண்டது. உரிமைச் சாசனம் அவர்களுடைய அரசுக்கும் பொருந்தும் என்றது பெரும்பான்மை. டிக்சனின் சமத்துவ உரிமை முதல் பார்வையில் மீறப்பட்டிருக்கிறது என்றும் ஏற்றது. ஆனாலும் தலைவர்கள் மண்ணில் வாழ வேண்டும் என்பது அந்த மக்களின் தனித்தன்மையோடு பிணைந்த கூட்டு உரிமை, சாசனத்தின் 25ஆம் பிரிவு அதற்கு அரண் என்று விதியை நிலைநிறுத்தியது. ஏழு நீதிபதிகளில் நால்வர் முடிவு. கனடிய உச்ச நீதிமன்றத்தின் முதல் பூர்வகுடி நீதிபதி மிஷெல் ஒபோன்சவின் இதில் மாறுபட்டார். அந்த விதி டிக்சனின் சமத்துவத்தை மீறுகிறது, அதற்கு நியாயம் காட்டப்படவில்லை என்று நீதிபதி மார்ட்டினோடு சேர்ந்து எழுதினார்.

நான் ஒபோன்சவின் பக்கம். நோயாளிப் பிள்ளையின் தாயிடம், மண்ணா மகனா என்று கேட்கக் கூடாது. அதோடு, ஓல்ட் குரோவில் அந்த மருத்துவ வசதி இருந்திருந்தால் அந்தத் தாய் வைட்ஹார்சுக்குப் போக வேண்டியதே வந்திருக்காது. வெண்பனி அக்கா சொன்னதுதான் மறுபடியும் வந்து நிற்கிறது.

#14 தனிவழி

இந்தத் தீர்ப்பில் நானும் சிறுபான்மையோடு. ஆனால் வெள்ளை அறிக்கை பற்றி நான்காம் பதிவில் எழுதியதைத் திரும்ப யோசிக்கிறேன். எனக்கு நடுத்தெருவில் வீடு மறுத்தவர்கள் என்னை வெளியே நிறுத்தினார்கள். இவர்களையோ அவர்கள் வீட்டிலிருந்தே வெளியே வரச்சொல்லி, வந்த பிறகு வீட்டை எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன். இந்தியர் சட்டம் போக வேண்டும் என்பதில் மாற்றமில்லை. எப்போது, எப்படிப் போக வேண்டும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

#15 பனையடி

ரூஜ்கரைத் தம்பி, அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள். "ஏற்று உறுதிசெய்யும்" என்று பிள்ளை திருத்தினார் அல்லவா? யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரத்துக்கே உறுதி என்றுதான் பெயர். அம்மாவுக்கு வேறு விளக்கம் வேண்டியிராது.

#16 ரூஜ்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழு இழையையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஜோர்டன் பகுதியில் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னார். உறுதி என்று ஐயா எழுதியதை வாசித்ததும், "அப்போ இது அவர்களின் காணி உறுதி" என்றார்.

பிறகு நான் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டார். "எங்கள் வீடு இருக்கிற காணிக்கு உறுதி யாருடையது?"

தேடிப் பார்த்தேன். ஸ்காபரோ 1923இல் செய்த வில்லியம்ஸ் உடன்படிக்கைகளின் நிலப்பரப்பில் வருகிறது. சிப்பேவா, மிசிசாகா மக்களில் ஏழு குழுக்கள் கையொப்பமிட்டன. வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் சேர்த்துப் பறித்த உடன்படிக்கை அது. நீண்ட வழக்குக்குப் பிறகு 2018இல் மத்திய அரசும் ஒன்ராறியோவும் மன்னிப்புக் கேட்டு, 110 கோடி டாலர் கொடுத்து, அந்த உரிமைகளை மீண்டும் ஏற்றன.

அந்த ஏழு பேர்களையும் எழுதித் தா என்றார். சத்தியப்பிரமாணம் எழுதிய கொப்பியின் அடுத்த பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: ஆல்டர்வில், கேர்வ் லேக், ஹயவாதா, ஸ்கூகொக் தீவு, போசொலே, ஜோர்ஜினா தீவு, ராமா. இன்று காலை தேநீர் வைக்கும்போது அவற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கூகொக் மட்டும் இன்னும் நாக்கில் ஏறவில்லை.